அயல்நாட்டிற் குடியேறுவோர் உடன்கொண்டு செல்லவேண்டிய தஸ்தாவேஜுகள்

(கிராம வாசகசாலைகளிலும் முதியோர் வகுப்புகளிலும் படித்தற்குரிய பாடம்)

பாடத்தின் நோக்கம்

பிறந்த ஊரில் ஒருவனை இன்னான் என்று அறிவதற்குத் தஸ்தாவேஜு வேண்டுவதில்லை. அவன் தந்தையின் பெயரைக் குளத்தங்கரையில் நிற்பவரும் அறிவர். அவனுக்கு விவாகம் நடந்த ஆண்டைப் பந்தலிட்டவரே சொல்லுவர். ஆனால், அவன் கடல் கடந்து வேற்றரசின் எல்லையிற் கால் வைத்தவுடனே இச்சாட்சிகள் யாவரும் பின்தங்கி விடுகின்றனர். அங்கே அவனுக்காகப் பேசுவன அவன் கையிலுள்ள காகிதங்களே. அவற்றுள் அவசியமானவை எவை, அவற்றை ஊரிலிருக்கும்போதே எவ்வாறு செம்மை செய்து கொள்வது என்பனவற்றை விளக்குதலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முன்னோர் கண்ட அநுபவம்

இது வெறும் எச்சரிக்கை அன்று. நம்மவர் பட்டறிந்த செய்தி. 19-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு தமிழ் மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. ஒருவர் எத்தோட்டத்திற்குச் செல்பவர் என்பதை அச்சீட்டுக் காட்டிற்றேயன்றி, அவர் எங்கே பிறந்தார், யாருடைய மக்கள் என்பவற்றைக் காட்டவில்லை.

1948 நவம்பர் 15-ந் தேதி இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. இலங்கையிலேயே பிறந்தவராயினும், தம் தந்தையும், அல்லது தந்தை வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அந்நாட்டிற் பிறந்தவர் என்று மெய்ப்பித்தாலன்றி அவர் வம்சாவழிக் குடியுரிமை பெறுதல் இயலாதாயிற்று. 1949-இல் வந்த மற்றொரு சட்டம் வசித்த காலத்தைக் கணக்கிட்டுப் பதிவு செய்ய வழி வகுத்தது. 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன், விவாகமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் இடையறாது வசித்ததற்கு ஆதாரம் காட்டவேண்டும் என்பது அதன் ஷரத்து. ஏறக்குறைய 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் கொடுக்கப்பட்டன. குடியுரிமை பெற்றவரோ சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே.

இதற்குக் காகிதமின்மை ஒன்றே காரணம் என்று சொல்லலாகாது. சட்டமே கடுமையாக அமைந்திருந்தது. எனினும், அச்சட்டம் பற்றிக்கொண்ட பிடி காகிதமின்மையே. நாடற்றவராய் நின்ற அம்மக்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று 1964-இல் இரு நாட்டுப் பிரதம மந்திரிகளும் உடன்படிக்கை செய்தனர். எஞ்சியவர்களுக்கு வழி செய்யும் சட்டம் ஒன்று 2003-இல் இலங்கையில் நிறைவேறியது. பாட்டன் விட்டுச் சென்ற குறையைப் பேரன் காலத்திற்றான் தீர்க்க முடிந்தது.

இக்காலத்தில் நம் கிராமத்துப் பிள்ளைகள் பல நாடுகளுக்குச் செல்கின்றனர். நாடுதோறும் விதிகள் வேறுபடுமாதலின், நிரந்தரமாகக் குடியேறுவோரை ஏற்கும் கனடா தேசத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முறையை அறிந்தவர் பிற நாடுகளுக்கும் அதனைப் பொருத்திக் கொள்ளலாம்.

1. ஜனனச் சான்று

தஸ்தாவேஜுகள் அனைத்திற்கும் வேர் போன்றது ஜனனச் சான்று. 1969-ஆம் ஆண்டின் ஜனன மரணப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் அறிவித்தாற் கட்டணமின்றிப் பதிவு செய்யப்படும். 30 நாட்களுக்குட்பட்டால் தாமதக் கட்டணம் உண்டு. ஓராண்டிற்குட்பட்டால் அதிகாரியின் எழுத்து மூலமான அநுமதி வேண்டும். ஓராண்டு கடந்தாலோ மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 21 நாட்களில் முடியும் காரியத்தை 21 ஆண்டுகள் கழித்துச் செய்வோர் படும் அலைச்சலை இதனால் உணர்க.

சில பதிவுகளிற் குழந்தையின் பெயர் இராது. “ஆண் குழந்தை”, “பெண் குழந்தை” என்று மட்டும் இருக்கும். அத்தகைய சான்று அயல்நாட்டிற் பயன்படாது. பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குட் பெயரைச் சேர்த்துக் கொள்ள விதி இடந்தருகிறது. அக்கெடுவைத் தவற விடலாகாது. முதியோர்க்குப் பதிவே இல்லையாயின், “பதிவு காணப்படவில்லை” என்னும் சான்றைப் பெற்று, அதனோடு பள்ளிச் சான்றையும் வைத்துக் கொள்ளுதல் நலம்.

2. பெயர்

நம்மவர்க்கு நேரும் தொல்லைகளிற் பெரும்பகுதி பெயரினால் வருவது. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுகின்றனர். மேல்நாட்டாரோ தம் பெயருக்குப் பின் குடும்பப் பெயரை எழுதுகின்றனர். மு. கண்ணன் என்பவர் பள்ளிச் சான்றில் “கண்ணன் மு.” என்றும், பாஸ்போர்ட்டில் “கண்ணன் முருகேசன்” என்றும், ஜனனச் சான்றில் வெறுங் “கண்ணன்” என்றும் இருப்பின், அயல்நாட்டு உத்தியோகஸ்தர் மூவரைக் காண்பாரேயன்றி ஒருவரைக் காணார். பெண்மக்களுக்கு இத்தொல்லை இரட்டிப்பாகும். பள்ளியில் தந்தையின் முதலெழுத்தும், குடும்ப அட்டையிற் கணவரின் முதலெழுத்தும் அவர்கள் பெயருடன் நிற்கும்.

ஆதலால், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே வீட்டிலுள்ள சான்றுகள் அனைத்தையும் ஒரு பாயிற் பரப்பிப் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகிய மூன்றையும் எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழையைத் திருத்தக் கூடியவிடத்தில் திருத்துக. பெயரே மாறியிருப்பின் அரசிதழில் வெளியிட்டு, அவ்விதழின் பிரதியைப் பத்திரப்படுத்துக.

3. விவாகமும் குடும்பமும்

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் விவாகப் பதிவு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. விவாகம் நடந்த 90 நாட்களுக்குள்ளும், கூடுதற் கட்டணத்துடன் 150 நாட்களுக்குள்ளும் பதிவு செய்யலாம். அழைப்பிதழும் புகைப்படமும் துணைச் சான்றுகளேயன்றிப் பதிவுச் சான்றுக்கு ஈடாகா. முன் விவாகம் ஒன்று இருந்திருப்பின், விவாகரத்துத் தீர்ப்பின் நகலோ இறந்தவரின் மரணச் சான்றோ வேண்டும். சுவீகாரக் குழந்தைக்குச் சுவீகாரத்தை நிரூபிக்கும் பத்திரம் வேண்டும். தாய் தந்தையருள் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துச் செல்வாராயின், மற்றவரது சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருத்தல் நன்று.

இங்கு ஒன்றை அழுத்திக் கூறுதல் அவசியம். மனைவி மக்கள் தற்போது உடன் வாராவிடினும் அவர்கள் பெயரை விண்ணப்பத்தில் மறைத்தலோ மறத்தலோ கூடாது. கனடாவின் விதிப்படி, விண்ணப்பத்திற் குறிப்பிட்டுச் சோதனைக்குட்படாத குடும்பத்தாரைப் பின்னர் வருவித்துக் கொள்ளுதல் பெரும்பாலும் தடைப்படும். விண்ணப்பித்த பின் பிறந்த குழந்தையையும், நடந்த விவாகத்தையும் பிரயாணத்திற்கு முன் தெரிவித்தே தீரவேண்டும். இதிற் செய்யும் அசிரத்தை ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் பிரித்து வைத்து விடும்.

4. கல்வியும் தொழிலும்

பட்டச் சான்று மட்டும் போதாது. மதிப்பெண் பட்டியல்களும் வேண்டும். அயல்நாட்டு மதிப்பீட்டு நிலையங்கள் பெரும்பாலும் அப்பட்டியலைச் சர்வகலாசாலையே முத்திரையிட்ட உறையில் நேரே அனுப்ப வேண்டுமென்று கேட்கின்றன. இதனை ஊரிலிருக்கும்போதே முடித்துக் கொள்ளாதவர், பின்னர் ஒரு கையெழுத்திற்காக உறவினரை ஓட வைக்க நேரிடும்.

வேலை பார்த்த இடங்களிலிருந்து, செய்த வேலை இன்னது, பார்த்த காலம் இவ்வளவு என விவரம் எழுதிய கடிதம் பெறுக. மோட்டார் ஓட்டுவோர் அசல் லைசென்ஸையும், அது முதன்முதல் வழங்கப்பட்ட தேதியைக் காட்டும் சான்றையும் கொண்டு செல்வாராயின், அங்கே முன்னநுபவம் கணக்கிற் கொள்ளப்படுவதற்கு உதவும்.

5. சுகாதாரம்

குழந்தைகளுக்கு ஊசி போட்ட விவரம் எழுதிய அட்டையை நம் வீடுகளில் அலட்சியமாக எறிந்து விடுகின்றனர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இளம்பிள்ளைவாதம், தட்டம்மை, தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்குத் தடுப்பு ஊசி போட்டதற்குச் சான்று காட்டாத மாணவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வைக்கச் சட்டம் இடந்தருகிறது. அட்டை தொலைந்திருப்பின், கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவைக் கேட்டுப் புதிய நகல் பெறுக. நாட்பட்ட நோயுடையார் வைத்தியரின் கடிதத்தையும், மருந்துகளின் பொதுப் பெயர் எழுதிய சீட்டையும் எடுத்துச் செல்க.

6. பொருள் ஜாபிதாவும் பணமும்

குடியேறுவோர் தாம் முன்பே அநுபவித்து வந்த வீட்டுச் சாமான்களைத் தீர்வையின்றிக் கொண்டு வரக் கனடா அநுமதிக்கிறது. உடன் வரும் பொருள்களுக்கு ஒன்றும், பின்னர் வரப்போகும் பொருள்களுக்கு ஒன்றுமாக ஜாபிதா எழுதி, முதன்முறை வந்திறங்கும்போதே சுங்க உத்தியோகஸ்தரிடம் காட்ட வேண்டும். அன்று எழுதாத பொருளுக்குப் பின்னர் அச்சலுகை கோருதல் அரிது. நகைகளுக்கு எடையும் மதிப்பும் எழுதிய சீட்டும் புகைப்படமும் இணைத்தல் தக்கது.

கனடா நாணயத்தில் 10,000 டாலரோ அதற்கு மேலோ உடன் கொண்டு செல்பவர் அதனை வாய்விட்டுச் சொல்லியே தீரவேண்டும். சொன்னதனால் வரி இல்லை. சொல்லாவிடிற் பறிமுதல் உண்டு.

7. மொழிபெயர்ப்பும் முத்திரையும்

ஆங்கிலத்திலேனும் பிரெஞ்சிலேனும் இல்லாத சான்றுகளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். விண்ணப்பதாரரோ அவர் குடும்பத்தாரோ செய்த மொழிபெயர்ப்பைக் கனடா ஏற்பதில்லை. சான்று மெய்யானது என்பதற்கு அரசு இடும் “அப்போஸ்டில்” என்னும் முத்திரை சிலவற்றிற்குத் தேவைப்படலாம். இதற்குரிய 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005 ஜூலையிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும் அமுலுக்கு வந்தது. அவ்வுடன்படிக்கையிற் சேராத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் அத்தாட்சி வேண்டியிருக்கும்.

8. காக்கும் முறை

பாஸ்போர்ட்டு, நிரந்தரக் குடியேற்ற உறுதிப்பத்திரம் முதலிய அசல்களைக் கைப்பையில் வைத்துக் கொள்க. கப்பலிலும் விமானத்திலும் ஏற்றும் பெட்டியில் வைக்கலாகாது. உறுதிப்பத்திரத்திற் குறித்த கெடுவிற்குட் சென்று சேர்தல் அவசியம். ஒரு தொகுதி நகலை வேறு பெட்டியிலும், மற்றொன்றை ஊரில் நம்பிக்கையுள்ள ஒருவரிடத்தும் வைத்துச் செல்க.

பட்டா, கிரயப் பத்திரம் முதலிய நிலத் தஸ்தாவேஜுகளின் அசலைக் கடல் கடத்த வேண்டுவதில்லை. அவற்றைப் பத்திரமான இடத்தில் வைத்து, நகலை மட்டும் எடுத்துச் செல்க. நிலத்தைப் பார்த்துக் கொள்பவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதாயின், எக்காரியத்திற்கு அதிகாரம், எதற்கு இல்லை என்பதைத் தெளிவாக எழுதிப் பதிவு செய்க. பராமரிக்கக் கொடுத்த பத்திரம் விற்கும் பத்திரமாகி விடலாகாது.

முடிவுரை

மேற்கூறிய சான்றுகளுட் பெரும்பாலானவை நமது தாலூகா எல்லைக்குள்ளேயே கிடைப்பன. இங்கிருக்கும்போது ஒரு நாட் கூலியை விட்டுப் பெறக்கூடிய காகிதம், அங்கே சென்றபின் ஓராண்டுக் கவலையாகி விடுகிறது. அயல்நாடு செல்லும் எண்ணம் இல்லாதவரும் தம் குழந்தையின் பிறப்பைக் காலத்திற் பதிவு செய்வாராக. அக்குழந்தை எங்குச் செல்லும் என்பதை இன்று அறிந்தவர் எவருமிலர்.

கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. நம் கிராமத்தில் ஜனனப் பதிவு இல்லாதவர், பதிவிற் பெயர் இல்லாதவர் எத்தனை பேர்?
2. உங்கள் வீட்டுச் சான்றுகளில் ஒவ்வொருவர் பெயரும் ஒரே வகையாக உள்ளதா?
3. குடும்பத்தார் பெயரை விண்ணப்பத்திற் குறிப்பிடாமையால் விளையும் தீங்கு யாது?
4. எந்தத் தஸ்தாவேஜுகளை எடுத்துச் செல்ல வேண்டும்? எவற்றை ஊரில் வைக்க வேண்டும்?