முறிந்த டயர் நெம்புகோலைச் செப்பனிடும் முறை

தூத்துக்குடி ஜில்லாவின் கரிசற் பூமியான கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பிரதேசங்களில் பருத்தி, கம்பு, உளுந்து முதலியவற்றின் மானாவாரி விதைப்பு வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கிறது. மழை பெய்து நிலம் பதமாயிருக்கும் சில தினங்களுக்குள் உழவு முடிதல் வேண்டும். அத்தருணத்தில் டிராக்டரின் டயர் பஞ்சராகி, அதைக் கழற்றும் நெம்புகோலும் முறியுமாயின், நேரும் நஷ்டம் கோலின் விலையினும் பன்மடங்காகும்.

பட்டறைகளில் ‘லீவர்’ என வழங்கும் இக்கோல், கலப்பைக் கொழுவைப் போன்றதன்று. கொழு தேயாதிருக்கக் கடினம் வேண்டும். லீவரோ பாரத்தில் சிறிது வளைந்து மீண்டும் நிமிர வேண்டும். கொழுவைப்போல் கடினமாக்கப்பட்ட லீவர் திடீரென ஒடிந்து, நெம்புபவரின் முகத்திலோ கையிலோ தாக்கும்.

முறிவதற்குக் காரணங்கள்

1. உப்பளங்களை அடுத்த கரையோரத்தில் உப்புக்காற்றினால் ரிம் துருவேறி, டயரின் விளிம்பு அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. அதை விடுவிக்காமல் நெம்புதல்.
2. எதிர்ப்புறத்து விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்காமல் நெம்புதல்.
3. கோலில் குழாய் செருகி நீளமாக்குதல்.
4. கோலின்மீதுள்ள துருக்குழியிலும் வெட்டுக்காயத்திலும் தொடங்கும் விரிசல்.

செப்பனிடுதல்

நுனி மாத்திரம் முறிந்திருந்தால் கோலைக் காப்பாற்றலாம். முதலில் முறிந்த பாகத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்புத்தூள் பூச வேண்டும். விரிசல் உள்ள இடத்தில் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். அக்கோடு முழுவதும் நீங்கும்வரை வெட்டிவிட வேண்டும்.

பின்பு கொல்லுலையில் பழுக்கக் காய்ச்சி, பழைய வடிவில் நுனியைத் தட்டி வளைக்க வேண்டும். சிவப்பு மங்கியபின் அடிக்கலாகாது. டியூபைக் கிழிக்காதபடி ஓரங்களை அரத்தால் மழுக்குதல் அவசியம்.

அடுத்தது தோய்ச்சல். நுனியை மூன்று அங்குலம் வரை, காந்தம் ஒட்டாத அளவிற்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். நீரில் தோய்த்தால் வெடிக்கக்கூடும். எண்ணெய் தீப்பற்றுமாதலால் மூடியைக் கையருகே வைத்துக்கொள்க. ஆறியபின் நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்புறத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றினால் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் தோன்றும். நீலம் கடந்து சாம்பல் நிறம் வந்ததும் எடுத்து, காற்றில் ஆறவிட வேண்டும். இப்படிச் சூடேற்றாமல் விடுவதே செப்பனிட்ட கோல் மறுபடியும் ஒடிவதற்கு முக்கிய காரணமாகும்.

நடுவில் முறிந்த கோலை வெல்டிங் செய்து உபயோகித்தல் தகாது. பற்று உறுதியாயிருப்பினும், அதை ஒட்டிய எஃகு சூட்டினால் கடினமாகி அங்கேயே ஒடியும். லாரியின் பழைய வில்பட்டையில், விரிசலற்ற துண்டைக் கொண்டு மேற்சொன்ன முறையில் புதுக்கோல் செய்வித்தலே நலம்.

சோதனையும் பாதுகாப்பும்

செப்பனிட்ட கோலின் நுனியை வைஸில் பிடித்து, சாக்கு சுற்றி, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். வளைந்து நிமிர்ந்தால் நன்று. வளைந்தபடியே நின்றால் தோய்ச்சல் போதாது.

டயரைக் கழற்றுமுன் வால்வின் ஊசியை நீக்கிக் காற்று முழுவதையும் வெளியேற்றுக. விளிம்பில் சோப்புநீர் தடவி, சிறிது சிறிதாக நெம்புக. நெம்பும்போது முகத்தைக் கோலுக்கு நேரே வைத்தலாகாது. வேலை முடிந்ததும் கோலை எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பின் உப்புக்காற்று அதனை அணுகாது. இவற்றைப் பருவமழைக்கு முன்னரே செய்து முடிக்கும் குடியானவர், பதம் கிடைத்த அன்றே தடையின்றி ஏர் பூட்டலாம்.