ஒரு கார் நிற்க எத்தனை சதுர மீட்டர்?

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர வளர, கடைத்தெருவில் நிற்கும் வண்டிகளும் பெருகிவிட்டன. ஓரமெல்லாம் வண்டி நிற்பதால் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் சாலையில் இறங்கி லாரிகளுக்குப் பக்கத்தில் நடக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் பரப்பளவு நடத்த இதையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். அதாவது 12.5 சதுர மீட்டர், ஏறத்தாழ 135 சதுர அடி. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் மாணவர்களைச் சைக்கிள்களை நிறுத்தச் சொன்னேன். நம் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி என்றால் அதில் மூன்று கார்கூட முழுதாக அடங்காது. "இதே அளவு கடைக்கு எங்கப்பா மாசாமாசம் வாடகை கட்டுறார் சார், காருக்கு வாடகை இல்லையா?" என்றான் ஒருவன்.

அங்கிருந்து குடிமையியலுக்கு வந்தோம். நிறுத்தக் கட்டணம் வேண்டுமா என்று இரு அணியாகப் பேசவிட்டேன். அதே மாணவன்தான் கடுமையாக எதிர்த்தான். காசு கேட்டால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்றான். அவன் பயம் நியாயமானது. எந்த ஊரிலும் வியாபாரிகள் முதலில் கேட்பது இதைத்தான்.

பதிலைக் கணக்கிலேயே தேடினோம். காலை 9 முதல் மாலை 6 வரை ஒரே வண்டி நின்றால் அந்த இடம் ஒருவருக்குத்தான் பயன்படும். ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒன்பது பேர் வந்து போகலாம். அமெரிக்காவின் பழைய பாசடீனா கடைத்தெருவில், இலவச இடங்களைக் கடை ஊழியர்களின் வண்டிகளே நாள் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தன. மீட்டர் வைக்கலாம் என்றபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் அதே தெருவின் நடைபாதைக்கும் தூய்மைக்கும் செலவாகும் என்று நகராட்சி உறுதி தந்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். 1993இல் மீட்டர்கள் வந்தன. டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

நமக்கு அருகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே வாகனங்களைத் தடுத்துச் சோதனை முறையில் மக்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கார்களுக்கென்று பல அடுக்கு நிறுத்துமிடமும் கட்டினார்கள். விதியை மட்டும் அறிவித்துவிட்டு அபராதச் சீட்டுக் கிழிப்பதைவிட இது மெதுவான வழிதான். ஆனால் நிலைக்கும் என்பது என் எண்ணம்.

கடைக்காரர் மகன் கடைசிவரை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "முதல் அரை மணி நேரம் இலவசம்னா சரி" என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தான். வகுப்பு அதை வாக்கெடுப்பில் ஏற்றது.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று: தலைமையாசிரியர் அனுமதியோடு, பள்ளி வாசலுக்குள் நின்றே வண்டிகளை எண்ணச் சொல்லுங்கள். வேலைநாளில் ஒருமுறை, சனிக்கிழமை ஒருமுறை எண்ணி வைத்தால் சராசரிக் கணக்குக்கும் அந்த எண்களே போதும்.