மரப்பட்டையில் வாழும் சிற்றுயிர்

முதிர்ந்த மரத்தின் பட்டை வெறும் தோலன்று. அதன் வெடிப்புகளில் பாசியும் பூஞ்சையும், நாம் சமையலில் இடும் கல்பாசியின் இனத்தவையும் படர்கின்றன. அவற்றைச் சுரண்டித் தின்றே வாழும் பூச்சிக் குலம் ஒன்று அங்குக் குடியிருக்கிறது. பட்டைப்பேன் என்று அதனைக் கூறலாம். உலகெங்கும் 5,000க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. நம் நாட்டு மரங்களிலும் உண்டு.

பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவினவே. நூல்போல் நீண்ட உணர்கொம்புகளும், கூரைபோல் சாய்த்து மடிக்கும் சிறகுகளும் உடையவை, சிறகில்லாதனவும் உள. தலைப்பேனுக்கு நெருங்கிய உறவாயினும் இவை கடிப்பதில்லை, குருதி குடிப்பதில்லை, மரத்தின் சாற்றையும் உறிஞ்சுவதில்லை. பேன் என்ற பெயரைக் கண்டு எறும்புடன் சேர்த்து மூவறிவுயிராக எண்ணத் தோன்றும். ஆனால் சிறகுடையவற்றுக்குப் புடைத்த கண்கள் இரண்டு தெளிவாக உள்ளன. ஆகவே வண்டினைப்போல் நாலறிவுயிராகக் கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து.

இவற்றின் வாயினுள் சிறு கோல் போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனைப் பட்டையில் ஊன்றிக்கொண்டு தாடைகளால் உணவைச் சுரண்டும். வாயிலிருந்தே பட்டிழையும் வரும். பல வகைகள் அவ்விழையால் தம் முட்டைகளை மூடிக் காக்கின்றன.

அமெரிக்காவின் புளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களில் ஒருவகைப் பட்டைப்பேன்கள் கூட்டமாகக் கூடி, ஓக் மரத்தின் அடி முதல் கிளை வரை வெண்பட்டுப் போர்வை நெய்துவிடும். கண்டவர் மரம் நோயுற்றதென அஞ்சி மருந்து தெளிக்கின்றனர். உண்மையில் மரத்துக்கு யாதொரு கேடும் இல்லை. அப்போர்வை பகைவரிடமிருந்து அவற்றைக் காக்கும் மறைப்பேயாகும். நாளடைவில் தானே கலைந்துவிடும். அறியாமையால் அங்கே மடியும் உயிர்கள் எண்ணிறந்தன.

இக்குலத்தின் ஒரு கிளை நம் வீட்டினுள்ளும் வாழ்கிறது. பழைய நூல்களிலும் ஓலைச்சுவடிகளிலும் வெளிறிய நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவில் விரைந்தோடும் புத்தகப்பேனே அது. ஈரத்தால் எழும் பூஞ்சையே அதன் முதன்மை உணவு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் காற்றிலிருந்தே வாயால் நீரைப் பெற்றுக்கொள்ளும். அதற்குக் கீழே நெடுநாள் நீடித்தால் உடல் வற்றி இறந்துபடும்.

சுவடி வைத்திருக்கும் இல்லத்தார் இதனைக் கருதல் வேண்டும். பூச்சிமருந்து தேவையில்லை என்பது உண்மையே. ஆயினும் அவை குடியேறிய பின் பேழையை உலர்த்துவதும் கொலையாகவே முடியும். ஆதலால் மழைக்காலம் தொடங்குமுன்பே சுவடிகளை நிழலில் காற்றாட விரித்து, ஈரச் சுவரை ஒட்டாத உலர்ந்த பேழையில் வைத்துவிடுக. முன்னரே குடியேறியிருப்பின், மென்மையான தூரிகையால் ஏடு ஏடாகத் தள்ளி, தோட்டத்து மரநிழலில் விட்ட பின்னரே உலர்த்தத் தொடங்குக.