திரும்ப மறுக்கும் சாவி

சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பாலசமுத்திரம். பள்ளிப்பட்டு அங்கிருந்து சிறிது தொலைவே. இப்பகுதியின் கடைத்தெருக்களில் தெலுங்கும் தமிழும் கலந்தே ஒலிக்கும். சாவி என்னும் சிறு பொருளுக்கே எத்தனை பெயர்கள்! தெலுங்கில் பூட்டினைத் ‘தாளம்’ என்பர். அதன் சாவியைத் ‘தாளஞ்செவி’ என்பர். தமிழில் பழைய சொல் ‘திறவுகோல்’. இன்று எல்லோர் நாவிலும் வழங்கும் ‘சாவி’யோ போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்து தங்கிய சொல். ஆயினும், பழைய காரின் பூட்டில் சாவி சிக்கிக்கொண்டால் எம்மொழியில் வேண்டினாலும் அது திரும்பாது. பூட்டின் உள்ளமைப்பை அறிந்தவர் கைக்கே அது இணங்கும்.

தொடக்கக் காலக் கார்களை ஓட்டுநர் முன்புறம் நின்று கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பினர். 1912ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் மின்விசையால் கிளப்பும் கருவி பொருத்தப்பட்டது. அதற்கும் நெடுங்காலம் பின்னரே, சாவித்துளையை ஸ்டீயரிங் தண்டின்மேல் அமைக்கும் வழக்கம் பரவியது. கார்த் திருட்டைத் தடுப்பதே அதன் நோக்கம். அமெரிக்காவில் 1970 முதல், சாவியை எடுத்தவுடன் கார் திரும்பவோ தானே நகரவோ இயலாதபடி பூட்டு அமைய வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் மாருதி 800 காரின் முதல் சாவி 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தியின் கையால் வழங்கப்பட்டது. அக்காரின் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. எனினும் சிற்றூர்ச் சாலைகளில் இத்தகைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் பூட்டுகளும் முதுமை அடைந்துவிட்டன.

பூட்டின் உள்ளே உருளை ஒன்று உண்டு. அதனுள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு சுருள்வில் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்தால், அதன் பற்கள் தகடுகள் அனைத்தையும் ஒரே மட்டத்திற்குக் கொணரும்; உருளை சுழலும். ஒரே ஒரு தகடு மயிரிழை அளவு துருத்தி நின்றாலும் உருளை அசையாது. உருளையுடன் இணைந்த இரும்புத் தாழ் ஒன்றும் உண்டு. சாவியை வெளியே எடுத்ததும் அத்தாழ் ஸ்டீயரிங் தண்டிலுள்ள பள்ளத்தில் விழுந்து, சக்கரங்கள் திரும்பாமல் தடுக்கும்.

சாவி திரும்பாதபோது பலரும் முதலில் செய்வது, முழு வலிமையோடு திருகுவது. அதுவே பெருந்தவறு, சாவி முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். உண்மையில் பல வேளைகளில் பூட்டு பழுதுபட்டிருப்பதே இல்லை. முன்சக்கரம் சாலையோரக் கல்லில் முட்டி நிற்கும்போது, முறுக்குண்ட தண்டு தாழினை ஒருபுறமாக நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்தவாறே சாவியைத் திருப்பினால் நெருக்கம் தளர்ந்து தாழ் விடுபடும்.

அப்போதும் திரும்பவில்லையெனில், வீட்டிலுள்ள மாற்றுச் சாவியை இட்டுப் பார்க்க வேண்டும். நாள்தோறும் பயன்படுத்திய சாவியின் பற்கள் தேய்ந்திருக்கக்கூடும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய புதுச் சாவி அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே பெறும். துளையில் தேங்காய் எண்ணெய் விடுவோரும் உளர். அன்றைக்கு அது பயன்தருவதுபோல் தோன்றும். பின்னர்த் தூசியை ஈர்த்துப் பிசினாக இறுகிவிடும். உலர்ந்த கிராஃபைட் தூளே ஏற்றது. பென்சிலின் கரிய முனையும் கிராஃபைட் கலந்ததே ஆதலின், அதனைச் சாவியின் பற்களில் தேய்த்து நுழைப்பது அவசரத்திற்கு உதவும்.

தகடு உடைந்திருந்தால் பட்டறைக்குச் செல்வதே வழி. மெக்கானிக் முதலில் பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றுவார். பின்னர் ஸ்டீயரிங் தண்டின் மேலுறையை நீக்குவார். பல கார்களில் சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, பக்கத்துச் சிறுதுளை வழியே ஓர் ஊசியை அழுத்தினால் உருளை தனியே வெளிவரும். சாவி சிறிதும் திரும்பாவிடில் அவ்வழி அடைபட்டது. முழுப் பூட்டையும் கழற்ற வேண்டும். அதனை இறுக்கியுள்ள திருகுகளுக்கோ தலையே இராது! திருடர் எளிதில் கழற்றாதிருக்க, பொருத்தும்போதே தலை முறிந்துவிடுமாறு செய்யப்பட்டவை அவை. அறுப்பு பிளேடால் அவற்றில் கீற்று வெட்டித் திருப்புளியால் பொறுமையாகச் சுழற்றி எடுப்பது கைத்திறன் மிக்க வேலை.

“பூட்டு வேண்டாம்; ஒயர்களை நேராக இணைத்துவிடுங்கள்” என்று கேட்போரும் உண்டு. எஞ்சின் கிளம்பும், ஆனால் தாழ் தண்டின் பள்ளத்தில் விழுந்தபடியே இருக்கும். முதல் வளைவிலேயே ஸ்டீயரிங் திரும்பாமல் நின்றுவிட்டால் காரில் உள்ளவர் கதி என்ன? ஓடும் காரில் சாவியை எடுப்பதும், சாவி இல்லாத காரைத் தள்ளுவதும் இதே காரணத்தால் ஆபத்தானவை. ஆகவே பழுது நீக்கியபின், நின்ற நிலையிலேயே ஸ்டீயரிங்கை இருபுறமும் பலமுறை திருப்பிச் சோதித்த பிறகே மெக்கானிக் காரை ஒப்படைப்பார். சாவி தொலைந்த காருக்குப் புதுச் சாவி வேண்டும் என்று வருவோரிடம் அவர் முதலில் கேட்பது பணமன்று, காரின் ஆர்.சி. புத்தகம்.

சொற்பொருள்
தாழ் – கதவு முதலியவற்றை அடைக்கும் இரும்புக் கோல்
துருத்துதல் – வெளியே நீட்டிக்கொண்டிருத்தல்
கீற்று – நீண்ட சிறு பள்ளம்
திருப்புளி – திருகுகளைச் சுழற்றும் கருவி

பயிற்சி
1. தேய்ந்த சாவியைப் பார்த்துப் புதுச் சாவி வெட்டுவது ஏன் பயனற்றது?
2. ஒயர்களை நேராக இணைத்துக் காரைக் கிளப்பினால் நேரும் ஆபத்து யாது?
3. உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் ‘பூட்டு’, ‘சாவி’ ஆகியவற்றை எம்மொழியில் எவ்வாறு வழங்குகின்றனர்? கேட்டறிந்து எழுதுக.