உருண்டை அரமா, சதுர அரமா? ரம்பப் பல்லில் ஓர் அறிவியல் பாடம்



சென்ற மழைக்காலத்தில் எங்கள் பள்ளித் திடலோரம் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அதை அறுத்து அகற்ற வந்த தொழிலாளி, அவ்வப்போது சங்கிலி ரம்பத்தை நிறுத்திவிட்டு, பென்சில் போன்ற ஓர் உருண்டை அரத்தால் அதன் பற்களைத் தீட்டினார். மறுநாள் படிவம் மூன்று மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான்.

"சார், எங்கப்பாவும் மரம் வெட்டுற வேலைதான். அவரும் உருண்டை அரம்தான் வச்சிருக்கார். சதுர அரத்தால தீட்டுனா இன்னும் வேகமா அறுக்குமாம். அப்பா செய்றது தப்பா சார்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்த பிறகு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

புழு கற்றுத் தந்த பல்

1946ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைவதைக் கூர்ந்து பார்த்தார். அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறி அசைந்து மரத்தைச் சீவின. அதே முறையில் இடப் பல், வலப் பல் என்று மாறி மாறி வரும் சங்கிலியை அவர் வடிவமைத்தார். இன்றைய சங்கிலி ரம்பங்களும் அந்த வழியில் வந்தவையே.

ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு வெட்டு விளிம்புகள் உண்டு. பக்க விளிம்பு மர நார்களைக் குறுக்கே அறுக்கிறது. மேல் விளிம்பு, தச்சரின் இழைப்புளி போல, அறுபட்ட நார்களைச் சீவி எடுக்கிறது. இரண்டும் சேரும் இடம் மூலை. பல்லுக்கு முன்னால் உள்ள சிறிய மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. பல சங்கிலிகளில் அந்த ஆழம் சுமார் 0.65 மில்லிமீட்டர்தான்.

கூர்மை என்றால் என்ன?

அழுத்தம் = விசை ÷ பரப்பளவு. பல்லை மரத்தின் மீது தள்ளும் விசை 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். மழுங்கிய விளிம்பின் பரப்பளவு 1 சதுர மில்லிமீட்டர் என்றால், அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். தீட்டிய பின் பரப்பளவு 0.2 சதுர மில்லிமீட்டராகக் குறைந்தால், அழுத்தம் 100 நியூட்டனாக உயரும். விசை மாறவில்லை, அழுத்தம் மட்டும் ஐந்து மடங்கு. கூர்மையான ரம்பம் மரச்சீவல்களைத் தள்ளும்; மழுங்கிய ரம்பம் மாவு போன்ற தூளைத்தான் தரும்.

உருண்டை அரத்தின் கணக்கு

பல் ஓர் ஆப்பு. ஆப்பின் கோணம் குறுகினால் எளிதில் நுழையும். ஆனால் முனை மெலிந்து சீக்கிரம் உடையும். அந்தக் கோணத்தை எது முடிவு செய்கிறது? அரம் பல்லுக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்பதுதான்.

4.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள அரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் 2.4 மில்லிமீட்டர். விட்டத்தில் கால் பங்கு, அதாவது 1.2 மில்லிமீட்டர், பல்லின் மேற்பரப்புக்கு மேலே தெரிகிறது. அப்படியானால் வட்டத்தின் மையம் மேற்பரப்புக்கு 1.2 மில்லிமீட்டர் கீழே இருக்கும். 1.2 ÷ 2.4 = 0.5. சைன் மதிப்பு 0.5 உள்ள கோணம் 30 பாகை. தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து என்பதால், ஆப்பின் கோணம் 90 − 30 = 60 பாகை.

அரம் தாழ்ந்து, பத்தில் ஒரு பங்கு மட்டுமே மேலே தெரிந்தால்? மையம் 1.92 மில்லிமீட்டர் கீழே போய்விடும். 1.92 ÷ 2.4 = 0.8. கோணம் சுமார் 53 பாகை. ஆப்பு வெறும் 37 பாகை. விளிம்பு கொக்கி போல் வளைந்து மரத்தைப் பிடித்து இழுக்கும், விரைவில் மழுங்கும். கை சற்றே தாழ்ந்ததற்கு இவ்வளவு பெரிய வேறுபாடு!

சதுர அரம் ஏன் வேகம்?

பெயர் சதுர அரம் என்றாலும் அதன் குறுக்குவெட்டு சதுரமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தட்டையான இரண்டு முகங்கள் ஒரு முனையில் சேர வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு முகம் மேல் விளிம்பையும், மற்றொன்று பக்க விளிம்பையும் தீட்டும்.

உருண்டை அரத்தில் ஒரே வட்டம் இரண்டு விளிம்புகளையும் உருவாக்குகிறது. ஒன்றின் கோணத்தை மாற்றினால் மற்றதும் மாறும். பக்க விளிம்பும் வளைந்தே அமையும். சதுர அரத்தில் இரு கோணங்களையும் தனித்தனியே அமைக்கலாம். விளிம்புகள் நேராக இருக்கும். மூலை கூராக அமையும். அதனால் சுத்தமான மரத்தில் வேகம் கூடும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஊசியிலை மரங்களை வெட்டும் தொழிலாளர்கள் பலரும், மரம் அறுக்கும் போட்டியாளர்களும் இதை விரும்புவது அதனால்தான்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. முதலில் மரத்தைத் தொடுவது அந்தக் கூர்மூலை. முதலில் தேய்வதும் அதுவே. மண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணல், ரம்பப் பல்லின் எஃகை விடக் கடினமானது. தரையில் விழுந்து சேறு ஒட்டிய கிளையை அறுத்தால், சில நொடிகளிலேயே மூலை போய்விடும். நம் நாட்டின் கெருயிங் போன்ற மரங்களுக்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது. மழுங்கிய பல்லைச் சதுர அரத்தால் மீண்டும் தீட்டுவது நுட்பமான வேலை. மேல், பக்கம், மூலை மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். உருண்டை அரத்தால் மரத்தின் பக்கத்தில் நின்றபடியே, ஒரு பல்லுக்குச் சில இழுப்புகளில் வேலையை முடித்துவிடலாம்.

ஆகவே அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இது: "உங்கப்பா செய்றது தப்பில்லை. அவர் வெட்டுற மரத்துக்கும் இடத்துக்கும் அதுதான் பொருத்தம்." அவன் சிரித்தான். "அரம் கால் பங்கு மேல தெரியணும்னு அப்பா எப்பவும் சொல்வார் சார். ஏன்னு இப்பத்தான் புரியுது" என்றான்.

செய்து பார்ப்போம்

கவராயத்தால் 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரையுங்கள். மையத்துக்கு 2.5 சென்டிமீட்டர் மேலே ஒரு கிடைக்கோடு போடுங்கள். கோடு வட்டத்தை வெட்டும் இடத்தில் தொடுகோடு வரைந்து, இரண்டுக்கும் இடையிலுள்ள குறுங்கோணத்தைக் கோணமானியால் அளந்து பாருங்கள். பிறகு கிடைக்கோட்டை 3, 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு மாற்றி அளந்து, விடைகளை அட்டவணைப்படுத்துங்கள்.

சோதனை தாளில் மட்டும் நடக்கட்டும். உண்மையான சங்கிலி ரம்பத்தைத் தொட வேண்டாம். இயந்திரம் நின்றிருந்தாலும் அதன் பல் விரலை வெட்டும்.

சிந்திக்க

1. அரத்தின் சரிபாதி பல்லுக்கு மேலே தெரிந்தால் ஆப்பின் கோணம் எவ்வளவு? அந்தப் பல் மரத்தைச் சீவுமா?
2. பல்லின் எஃகு அரத்தை விடக் கடினமாக இருந்தால் என்ன சிக்கல் வரும்?