பழைய இல்லங்களின் மின்பலகை: அபாயத்தை அறிதலும் அகற்றுதலும்

மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940-ஆம் ஆண்டில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இடுக்கித் திட்டம் 1976-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நாட்டிலேயே முதன்முதலாக முழு மின்வசதி பெற்ற மாவட்டமாகப் பாலக்காடு 2010-இல் அறிவிக்கப்பட்டது. 2017-இல் கேரள மாநிலம் முழுவதுமே அந்நிலையை எய்தியது. தமிழகத்தை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஊர்களிலும் மறையூர், வண்டிப்பெரியாறு மலைப்பகுதிகளிலும் மின்விளக்கு எரியாத வீடு இன்று அரிது.

இல்லந்தோறும் இணைப்பு வழங்குவது ஓர் இலக்கு. இணைப்புப் பெற்ற இல்லம் பாதுகாப்பாக இருப்பது மற்றோர் இலக்கு. முதலாவது நிறைவேறிய அளவுக்கு இரண்டாவது நிறைவேறவில்லை. தேசியக் குற்றப் பதிவு அலுவலகத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 12,000-க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழந்தனர். வயல், பணியிடம், வீடு எனப் பல இடங்களில் நேர்ந்த இவ்விபத்துகளில், வீட்டைப் பொறுத்தவரை முதலில் ஆராய வேண்டிய இடம் மின்பலகையே.

சுமையும் கம்பியும்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மின்கம்பி பதிக்கப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அன்று அவ்வீட்டில் இருந்தவை 60 வாட் விளக்குகள் ஆறு, மின்விசிறிகள் இரண்டு. மொத்தச் சுமை ஏறத்தாழ 520 வாட். 230 வோல்ட் அழுத்தத்தில் இதற்குரிய மின்னோட்டம் 2.3 ஆம்பியர் மட்டுமே. இன்று அதே வீட்டில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி, 750 வாட் மிக்ஸி ஆகியவை ஒரே வேளையில் இயங்கினால் 16 ஆம்பியருக்கு மேல் தேவைப்படுகிறது. கம்பியில் மின்னோட்டம் இருமடங்கானால் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். வருவாய் உயரக் கருவிகள் பெருகின. சுவரினுள் இருக்கும் கம்பியோ பழையபடியே இருக்கிறது.

உருகியின் பணி

பேச்சுவழக்கில் பியூஸ் எனப்படும் உருகி, சுற்றின் மிக மெலிந்த கண்ணியாக இருக்குமாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. அளவுக்கு மீறி மின்னோட்டம் சென்றால் அது உருகிச் சுற்றைத் துண்டிக்கும். 5 ஆம்பியருக்குரிய ஈயம் பூசிய செம்புக் கம்பியின் விட்டம் 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர்.

உருகி அடிக்கடி போகுமானால் சுமை மிகுந்துவிட்டது என்றோ, எங்கோ பழுது உள்ளது என்றோ பொருள். ஆனால் பல வீடுகளில் அதைத் தொல்லையாகக் கருதி, கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றிவிடுகின்றனர். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி ஏறத்தாழ 80 ஆம்பியர் சென்றாலன்றி உருகாது. அதற்கு வெகுமுன்னரே சுவரினுள் செல்லும் கம்பி காய்ந்து, அதன் உறை கருகத் தொடங்கும். அப்போது வீட்டுக் கம்பியே உருகியின் இடத்தில் நிற்கிறது எனலாம்.

ஐந்து அடையாளங்கள்

அபாயகரமான மின்பலகையைப் பெட்டியைத் திறக்காமலே பெரிதும் இனங்காண முடியும்.

1. மரப்பலகையும் பீங்கான் கட்டைகளும்: மரம் எரியக்கூடியது. அதன்மேல் கரிந்த தடம், பீங்கானில் விரிசல், மூடியில்லாத உருகிக் கட்டை ஆகியவை உடனடிக் கவனத்துக்கு உரியவை.

2. வெப்பம், வாடை, ஓசை: பலகையருகே ரப்பர் கருகும் வாடை வீசுவதும், பொரிவது போன்ற ஓசை எழுவதும், அடுப்பை இயக்கியவுடன் விளக்கு மங்குவதும் தளர்ந்த இணைப்பின் அறிகுறிகளாகும்.

3. பழைய கம்பிகள்: ரப்பர் உறையிட்ட கம்பிகள் காலப்போக்கில் இறுகி வெடித்து, தொட்டால் உதிரும் நிலையை அடைகின்றன. செம்புக்கு மாற்றாக இடப்பட்ட அலுமினியக் கம்பிகள் திருகாணியின் கீழ் நாளடைவில் தளர்ந்து சூடேறுகின்றன.

4. நியூட்ரல் கம்பியிலும் உருகி: பழைய அமைப்புகளில் இரு கம்பிகளிலுமே உருகி வைக்கும் வழக்கம் இருந்தது. நியூட்ரல் உருகி மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் மற்றக் கம்பியில் மின்னழுத்தம் நீடிக்கும். மின்சாரம் இல்லை என்றெண்ணித் தொடுபவர் உயிரிழக்க நேரும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே இவ்வழக்கத்தை அனுமதிக்கவில்லை.

5. நில இணைப்பு இல்லாமை: எர்த் எனப்படும் நில இணைப்புக் கம்பி பலகைக்கு வராதிருத்தல், இருமுனைப் பிளக்குகள் மட்டுமே இருத்தல், மின்கசிவுத் துண்டிப்பான் காணப்படாமை.

மண்ணின் இயல்பு

ஐந்தாவது அடையாளம் இவ்விரு மாவட்டங்களிலும் தனிக் கவனத்துக்கு உரியது. பாலக்காட்டின் கிழக்குப் பகுதி கோடையில் வறண்டுவிடுகிறது. இடுக்கியின் மலைச்சரிவுகளில் பல இடங்களில் பாறை மேலாக உள்ளது. வறண்ட மண்ணும் பாறையும் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. நில இணைப்பின் தடை 50 ஓம் எனக் கொள்வோம். இஸ்திரிப்பெட்டியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், நிலத்துக்குச் செல்லும் மின்னோட்டம் 4.6 ஆம்பியர் மட்டுமே. 5 ஆம்பியர் உருகிகூட இதனால் உருகாது. கருவியின் உடல் மின்னேறிய நிலையிலேயே இருக்கும்.

இங்குதான் மின்கசிவுத் துண்டிப்பானின் தேவை விளங்குகிறது. சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லிஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே அது சுற்றைத் துண்டித்துவிடும். எனினும் அது சுமை மிகுதியைத் தடுப்பதில்லை. அப்பணி எம்.சி.பி. எனப்படும் தானியங்கித் துண்டிப்பானுக்கு உரியது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

பெட்டி புதிதாக இருப்பதனாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மெல்லிய பழைய கம்பிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. பொருத்துவது, தடித்த உருகிக் கம்பி சுற்றியதற்கு ஒப்பானதே. அமெரிக்காவில் ஃபெடரல் பசிபிக் நிறுவனத்தின் ‘ஸ்டாப்-லாக்’ துண்டிப்பான்கள் பல்லாண்டுகள் எண்ணற்ற வீடுகளில் பொருத்தப்பட்டன. அவற்றுட் பல வேண்டிய வேளையில் துண்டிப்பதில்லை என்பது பின்னரே சோதனைகளில் தெரிந்தது. தர முத்திரை பெற்ற கருவியைத் தேர்ந்தெடுப்பதும், மாதந்தோறும் மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

பொறுப்பு யாருடையது?

மீட்டர் வரை உள்ள பகுதி மின்சாரம் வழங்கும் அமைப்பின் பொறுப்பு. அதற்கு அப்பால் உள்ளது வீட்டுக்காரரின் பொறுப்பு. இப்பிரிவினை தெளிவானதுதான். ஆயினும் நடைமுறை அத்துணை எளிதன்று. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் அடுத்தடுத்த வீடுகளுக்குச் சுவர் பொது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் கூரையும் பொது. ஒரு வீட்டின் மின்பலகையில் எழும் தீ அவ்வீட்டோடு நிற்பதில்லை. செலவு ஒருவருடையது, ஆபத்து பலருடையது என்னும் நிலையில் தனிமனிதர் செலவிடத் தயங்குவது பொருளியல் அறிந்த உண்மை.

லயங்களில் சிக்கல் இன்னும் கூடுதலானது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு வழங்குவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. வீடு நிர்வாகத்துக்கு உரியது. கருவிகள் தொழிலாளிக்கு உரியவை. பலகையை மாற்றத் தொழிலாளிக்கு உரிமையில்லை. மாற்றாவிட்டால் இழப்பு அவருடைய குடும்பத்துக்கே. வாடகை வீட்டில் வாழ்வோர் நிலையும் இதுவே. எனவே குடியிருப்புப் பராமரிப்பின் ஓர் அங்கமாக மின்பலகையும் கருதப்பட வேண்டும். கூரை ஒழுகுவதைக் குறித்துக்கொள்ளும் அதிகாரி, கரிந்த உருகிக் கட்டையையும் குறித்துக்கொள்ளல் நலம்.

செய்யத்தக்கவை

பழைய வீட்டில் முதலில் செய்ய வேண்டியது முழுச் சோதனை. கேரள மாநில மின்சார உரிம வாரியத்தின் அனுமதி பெற்ற பணியாளரைக் கொண்டே கம்பிகளின் காப்புத் தடையும் நில இணைப்பின் தடையும் அளக்கப்பட வேண்டும். முழுக் கம்பி மாற்றத்துக்குப் பணவசதி இல்லையெனில், படிப்படியாகச் செய்யலாம்: முதலில் நில இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும், அடுத்து, கம்பியின் தடிமனுக்கேற்ற எம்.சி.பி.; பின்னர், அடுப்புக்கும் வெந்நீர்க் கருவிக்கும் தனிக் கம்பி; இறுதியாக, எஞ்சிய பழைய கம்பிகள். அதுகாறும் பெருஞ்சுமைக் கருவிகளை ஒருசேர இயக்காதிருத்தல் நன்று. கருகும் வாடை எழுந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பணியாளரை அழைக்க வேண்டும். சுவிட்சையோ அதன் பெட்டியையோ நெருங்க முடியாவிடில், வீட்டிலுள்ளோரை வெளியேற்றி, 1912 என்னும் எண்ணில் மின்வாரியத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

மின்சாரம் எத்தனை இல்லங்களை எட்டியது என்பதைக் கணக்கிடக் கற்றுக்கொண்டோம். எட்டிய இல்லங்களில் எத்தனையில் அது பாதுகாப்பாக உள்ளது என்பதையும் கணக்கிடத் தொடங்கினால்தான், பள்ளிவாசலில் தொடங்கிய பணி நிறைவுறும்.