ஏறுமுகமா, இறங்குமுகமா?

அணிநடை பயிலும்போது ஒருத்தி மட்டும் கால் மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. வேகம் சரி, எண்ணிக்கையும் சரி. ஆனாலும் முன்னால் போகிறவளின் குதிகாலை மிதிக்கிறாள். மின்னணுச் சிப்புகளுக்கும் இதே தொல்லை உண்டு என்பதை இவ்வாண்டு அறிவியல் மன்றத்தில் நேரில் கண்டோம்.

வெப்பம் அளக்கும் சிப் ஒன்றைச் சிறு கணிப்பொறிப் பலகையுடன் இணைத்திருந்தோம். சுவர் வெப்பமானி 28 டிகிரி காட்டியது. எங்கள் திரையிலோ 14! கையால் பொத்திச் சூடேற்றினோம். 29 ஆனபோதும் 14. 30 ஆனதும் 15. கொடைக்கானலுக்குப் போய்விட்டோமா என்று தோழியர் சிரித்தனர். கம்பியை மாற்றினோம், பலகையையும் மாற்றினோம், பயனில்லை. "எண்ணைப் பிட்டுகளாக எழுதிப் பாருங்கள்" என்றார் சிஸ்டர்.

28 என்பது 00011100. 14 என்பது 00001110. எல்லாப் பிட்டுகளும் ஓரிடம் வலப்பக்கம் நகர்ந்து, கடைசிப் பிட் விழுந்துவிட்டது! 28-உம் 29-உம் ஒன்றாகத் தெரிந்ததன் காரணமும் அதுவே.

ஏன் நகர்ந்தது? இரு சிப்புகளுக்கும் பொதுவாக ஒரு கடிகாரக் கம்பி உண்டு. அதில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது ஒரு துடிப்பு. ஒரு துடிப்புக்கு ஒரு பிட். ஒரு விளிம்பில் கொடுப்பவர் பிட்டை மாற்ற வேண்டும். மறு விளிம்பில் வாங்குபவர் படிக்க வேண்டும். இருவரும் ஒரே விளிம்பைப் பிடித்தால், கரும்பலகையை அழித்து எழுதும் அதே நொடியில் நாம் பார்த்து எழுதுவது போலாகும். எங்கள் சிப் ஏறும்போது பிட்டை மாற்றியது. நாங்களும் ஏறும்போதே படித்தோம். ஆகவே ஒவ்வொரு முறையும் பழைய பிட்டே கிடைத்தது.

மோட்டரோலா நிறுவனம் 1980-களில் உருவாக்கிய எஸ்.பி.ஐ. இணைப்பு முறை இது. கடிகாரம் ஓய்வில் தாழ்ந்திருக்கலாம், உயர்ந்தும் இருக்கலாம். படிப்பது முதல் விளிம்பிலோ இரண்டாம் விளிம்பிலோ அமையலாம். ஆக நான்கு வகைகள்: 0, 1, 2, 3. "ஏறும்போது படி" என்று மட்டும் சொன்னால் அது 0-வா, 3-ஆ என்று விளங்காது. பெயர்களும் குழப்பமே. மைக்ரோசிப் நிறுவனத்தின் பி.ஐ.சி. சிப்புகளில் இதற்கான பிட், மோட்டரோலாவின் பிட்டுக்கு நேர் எதிரானது. அங்கே 0 என்றால் இங்கே 1. எங்கள் சிப்புக்கு வேண்டியது வகை 1. நாங்கள் எழுதியது 0. ஓர் எண்ணை மாற்றியதும் 28 வந்தது.

சிப்பின் உள்ளே எட்டிப்பார்க்க எமுலேட்டர் கருவிகள் பயன்படுத்தும் ஜேடேக் முறையில் இக்குழப்பத்திற்கு இடம் வைக்கவில்லை. 1990-இல் வந்த ஐ.இ.இ.இ. 1149.1 தரம், சிப் உள்ளே வாங்குவது ஏறு விளிம்பில், வெளியே தருவது இறங்கு விளிம்பில் என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. இடையே அரைத் துடிப்பு அவகாசம். ஆயினும் நொடிக்கு ஒரு கோடித் துடிப்பு என்றால் அந்த அவகாசம் 50 நானோ நொடிதான். கடிகாரம் கேபிள் வழியே போய், சிப் பதில் தந்து, அப்பதில் திரும்பி வருவதற்குள் அது தீர்ந்துவிட்டால், எமுலேட்டரும் பழைய பிட்டையே படிக்கும். அப்போது கேபிளைச் சுருக்க வேண்டும். இல்லையேல் கடிகாரத்தை மெதுவாக்க வேண்டும். ஆர்ம் செயலிகள் சிலவற்றில், வந்த கடிகாரத்தையே எமுலேட்டருக்குத் திருப்பி அனுப்பத் தனிக் கம்பி ஒன்று உண்டு; அது திரும்பி வரும்வரை எமுலேட்டர் அடுத்த துடிப்பை அனுப்பாது.